நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

அருளப்பனின் சாமான்களைப் பட்டியல் எடுக்க
கேம்ப் பாஸ் என்னைத்தான் கூப்பிட்டார்.
சட்டை நான்கு. லுங்கி இரண்டு.
பாதி தீர்ந்த கோடாலித் தைலம்.
மகளுக்கு வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸ், பிரிக்காதது.
சேஃப்டி ஷூ ஒரு ஜோடி, ஒன்பதாம் நம்பர்.
தலையணைக்கு அடியில் இருந்த நாவலை மட்டும்
எழுதவில்லை.
திருட்டுதான். வேறு பெயர் அதற்கு இல்லை.

ஜுபைலில் அது ஷட்டவுன் மாதம்.
பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்துப்
படுத்தவன் எழுந்திருக்கவில்லை.
முப்பத்தெட்டு வயது.
இயற்கை மரணம் என்று அரபியில் எழுதி
முத்திரை வைத்தார்கள்.
உடல் ஊர் போய்ச்சேரப் பத்தொன்பது நாள்.
கையெழுத்துக்கு ஒரு நாள்,
அந்தக் கையெழுத்து சரிதான் என்ற கையெழுத்துக்கு நாலு நாள்,
நடுவில் வெள்ளி, சனி.

அவன் நிறுத்திய இடத்தில்
சுரண்டிய ரீசார்ஜ் கார்டு ஒன்று செருகியிருந்தது.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
முன்னால் நடந்தது எதுவும் தெரியாமல்
அங்கிருந்தே தொடங்கினேன்,
ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிற மாதிரி.

ஒரு பையன். பதினாலு வயது. உப்பளத்து ஊர்.
அம்மா செத்து மூன்றாம் நாள்.
அவன் அழவில்லை, அதற்காக எல்லாரும் ஏசுகிறார்கள்.
அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு
ரேஷன் கடைக்குப் போகிறான்.
வரிசையில் சிரிப்பு.
பொம்பளச் செருப்புடா என்கிறான் ஒருத்தன்.
கழற்றவில்லை.
சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு
அதே செருப்பில் திரும்பி வருகிறான்.
அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

காலம் ஆற்றும் என்று அதில் யாரும் சொல்லவில்லை.
எங்கள் அறையில்தான் எல்லாரும் சொன்னார்கள்,
குபூஸைப் பிய்த்துக்கொண்டே.

மேல்கட்டில் தில்பகதூர் நேபாளி.
ராத்திரியானால் 'ஆகே க்யா ஹுவா' என்பான்.
என் உடைந்த இந்தியில் சொல்வேன்:
பையன் பரீட்சையில் தோற்றான்.
பையன் அப்பாவை அடிக்கக் கை ஓங்கி
ஓங்கிய கையோடு நின்றான்.
உப்பளத்துக்கு இந்தி தெரியாமல்
கடலைக் காயப்போடுகிற இடம் என்றேன்.
அவன் கடலைப் பார்த்ததே இங்கே வந்துதான்.
கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு, தன் தம்பி ஆற்றோடு போனதைச் சொன்னான்.
நாலு வருஷமாக ஒரே அறை.
அன்றைக்குத்தான் சொன்னான்.
எண்ணெய் ஆலையின் நெருப்பு வெளிச்சம்
திரையில் ஆடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை
அந்த ஒன்பதாம் நம்பர் ஷூவை எடுத்தேன்.
என் கால் எட்டு. இரண்டு சாக்ஸ் போட்டேன்.
சாரத்தில் ஏறும்போது குதிகால் உள்ளே வழுக்கியது.
ரேஷன் கடை வரிசையில் சேஃப்டி ஆபீசர் கிடையாது.
இங்கே இருக்கிறார். இறங்கச் சொன்னார். கழற்றச் சொன்னார்.
கழற்றினேன்.
அவர் ஆபீஸ் பிளாஸ்டிக் நாற்காலியில்
இரண்டு சாக்ஸ் காலோடு உட்கார்ந்து
அழுதேன், வாய்விட்டு.
அவர் எழுந்துபோய் ஏசியைக் கூட்டிவைத்தார்.
அவருக்குத் தெரிந்த உதவி அது.

கடைசியில் அந்தப் பையன் பெரிய ஆளெல்லாம் ஆகவில்லை.
பத்தொன்பது வயதில்
லாரி ஆபீஸில் பில் எழுதுகிறான்.
மழை வந்தால் மட்டும் வெளியே வந்து நிற்கிறான்.
ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.
தில்பகதூரும் கேட்கவில்லை.

பெட்டி கட்டும் அன்று
பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
புத்தகம் ஒன்று. பழையது.
அருளப்பன் மகளுக்குப் பதிமூன்று நடக்கிறது.
இந்த வயதில் இதைப் படிக்கலாமா என்று ஒரு யோசனை.
பையனுக்கும் பதினாலுதானே.

ரீசார்ஜ் கார்டை அதே பக்கத்தில் வைத்தேன்.
முதல் நூற்று நாற்பத்திரண்டு பக்கங்களை
நான் படிக்கவே இல்லை.
அந்த அம்மா உயிரோடு இருப்பது
அதில்தான்.